காவிரி டெல்டாவில் அருங்காட்சியகச் சிற்றுண்டியகமும் விற்பனைக்கூடமும்: ஆலோசனைப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு வெளியே வரும் ஒரு குடும்பத்துக்கு உடனடியாக வேண்டியவை மூன்று: நிழலில் உட்கார ஓர் இடம், பசிக்கும் தாகத்துக்கும் ஏதேனும், பார்த்ததன் நினைவாக வீட்டுக்கு எடுத்துச் செல்லத் தகுந்த ஒரு பொருள். இவற்றை வளாகத்துக்குள்ளேயே, அரும்பொருள்களுக்குக் கேடு வராமலும் நிர்வாகத்துக்கு நட்டம் வராமலும் எப்படி அமைப்பது என்று ஆராய்ந்து திட்டம் வகுத்துத் தருவதே இந்த ஆலோசனைப் பணி. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1860களிலேயே பார்வையாளருக்கென உணவறைகளைக் கட்டியது. மேலை நாடுகளில் இது தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. திருச்சி முதல் பூம்புகார் வரை பார்க்க இவ்வளவு இருக்கும் நம் பகுதியில் இதற்கு ஆள் தேவை மிகுதி. உணவக மேலாண்மையோ வணிகவியலோ படித்தவர்களும், ஓட்டல் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவர்களும் இதில் தாராளமாக இறங்கலாம். அவர்கள் எந்த வரிசையில் வேலையைச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது கணக்கெடுப்பு. சமையலறை வரைபடம், உணவுப் பட்டியல், கடை அலமாரி ஆகிய அனைத்தும் அங்கு வருகிறவர்களை எண்ணிப் பார்த்த பிறகே முடிவாக வேண்டும். வரைபடத்தை முதலில் போட்டுவிட்டுக் கூட்டத்தை அதற்குள் அடக்க முயன்றால், பணமும் வீணாகும், இடமும் வீணாகும்.

இடம் யார் பொறுப்பில் இருக்கிறது?

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைத் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. தஞ்சை அரண்மனை வளாகத்திலோ கலைக்கூடமும் சரசுவதி மகால் நூலகமும் வெவ்வேறு நிர்வாகத்தில் இயங்குகின்றன. ஆகவே ஒரு குடிநீர்க் குழாய் போடுவதற்குக்கூட இரண்டு அலுவலகங்களின் ஒப்புதல் தேவைப்படலாம் என்று எதிர்பார்த்தே கால அட்டவணையைப் போடுங்கள்.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் இதை வகுத்திருக்கிறது. எனவே கோயில் மதிலை ஒட்டி அழகான சிற்றுண்டியகம் ஒன்றை வரைந்து காட்டி வாடிக்கையாளரின் ஆசையைக் கிளப்புவது பொறுப்பற்ற செயல். முன்பே இருக்கும் கட்டடம் எது, அதில் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் எந்த அளவில் இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள்.

வாசலில் நின்று எண்ணுதல்

நுழைவுச்சீட்டுக் கணக்கு அலுவலகத்திலேயே கிடைக்கும். ஆனால் அது ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டுமே சொல்லும். எப்போது வந்தார்கள், யாரோடு வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள், எந்த வழியாக வெளியேறினார்கள் என்பவற்றை நீங்களே நின்றுதான் அறிய வேண்டும். ஒரு சாதாரண வேலை நாள், ஒரு ஞாயிறு, ஒரு பள்ளிச் சுற்றுலா நாள், ஒரு விசேஷ நாள் என்று நான்கு வகை நாள்களையாவது காலையிலிருந்து கதவு சாத்தும் வரை பார்த்து, அரை மணிக்கு ஒரு முறை எண்ணிக் குறியுங்கள்.

டெல்டாவில் ஆண்டு முழுவதும் கூட்டம் ஒரே சீராக இருப்பதில்லை. மார்கழியிலும் தையிலும் ஐயப்ப பக்தர்களும் மேல்மருவத்தூர் செல்லும் செவ்வாடைப் பெண்களும் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் விரதத்தில் இருப்பவர்கள். அதே காலத்தில்தான் பள்ளிச் சுற்றுலாக்களும் நடக்கும். தையில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை; ஐப்பசிச் சதயத்தில் தஞ்சையில் இராஜராஜனின் சதய விழா; ஆடிப்பெருக்கில் கல்லணையிலும் பூம்புகாரிலும் திரளும் கூட்டம்; கோடை விடுமுறையில் வெளியூர்க் குடும்பங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆளே இல்லாத நாள்களும் உண்டு. கும்பகோணத்து மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. 2016இல் நடந்தது, அடுத்தது 2028. அந்தக் கூட்டத்தை அளவுகோலாக வைத்து நிரந்தரக் கட்டடம் கட்டச் சொல்லாதீர்கள். தற்காலிகக் கடைகள் போட இடம் ஒதுக்கி, குழாயும் மின் இணைப்பும் மட்டும் ஆயத்தமாக வைக்கச் சொல்லுங்கள்.

எண்ணும்போது கட்டுச்சோற்றையும் எண்ணுங்கள். நம் ஊர்க் குடும்பங்கள் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு வருவது பழைய வழக்கம். கல்லணையில் மரத்தடிக்கு மரத்தடி இதைக் காணலாம். வெளி உணவுக்குத் தடை விதித்தால் விற்பனை கூடும் என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. நான் அதை உறுதியாக எதிர்க்கிறேன். பெரியவர்களும் குழந்தைகளுமாக வரும் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மூட்டையை வாசலில் வாங்கி வைப்பது அவர்களை அவமதிப்பதாகும். அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். உட்காரத் திண்ணையும் கை கழுவக் குழாயும் இலை போடத் தொட்டியும் அமைத்துக் கொடுத்தால், சோற்றைக் கொண்டுவந்தவர்கள் தாங்கள் கொண்டுவராதவற்றை நம்மிடம் வாங்குவார்கள். சுடச்சுட வடை, அப்பளம், நீர்மோர், காபி, குழந்தைக்கு ஐஸ்கிரீம் ஆகியவற்றின் விற்பனை அந்தத் திண்ணையிலிருந்துதான் வரும்.

எண்ணிக்கையிலிருந்து இருக்கைக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 1,200 பேர் வருவதாகவும், அவர்களில் நால்வருக்கு ஒருவர் சாப்பிட உட்காருவதாகவும் வைத்துக்கொண்டால், அன்று 300 பேருக்குப் பரிமாற வேண்டும். அந்த 300 பேரும் சீராகப் பரவி வருவதில்லை. 200 பேர் பதினொன்றரை மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் வந்துவிடுவார்கள் என்றால், மணிக்கு 100 பேர். ஒருவர் 20 நிமிடம் உட்கார்ந்தால் ஓர் இருக்கையில் மணிக்கு மூன்று பேர் சாப்பிடலாம். ஆனால் நான்கு பேர் மேசையில் மூன்று பேர் குடும்பம் உட்காரும்போது ஓர் இடம் காலியாகத்தான் கிடக்கும். ஆகையால் பத்தில் ஏழு இருக்கைகளே நிரம்பும் என்று கொண்டால், இருக்கைக்கு மணிக்கு இரண்டு பேர் என்ற கணக்கே மிஞ்சும். அப்படியானால் ஏறத்தாழ 50 இருக்கைகள் தேவை.

ஆளுக்குச் சராசரி 60 ரூபாய் என்றால் அன்றைய விற்பனை 18,000 ரூபாய். இந்தத் தொகையை 365ஆல் பெருக்கி அறிக்கையில் எழுதுவது புதியவர்கள் தவிர்க்க வேண்டிய முதல் காரியம். ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகவும், வேலை நாள்களைத் தனியாகவும், மழை மாதங்களைத் தனியாகவும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். வாரத்தில் கூடம் மூடியிருக்கும் நாளைக் கழிக்கவும் மறக்க வேண்டாம். மிகக் குறைந்த மாதத்திலும் சம்பளமும் மின்கட்டணமும் கொடுக்க முடிகிறதா என்பதைக் காட்டும் அறிக்கையே நேர்மையான அறிக்கை.

உணவுப் பட்டியல்

பத்துப் பன்னிரண்டு பண்டங்களுக்கு மேல் வேண்டாம். கேட்டவுடன் மூன்று நிமிடத்துக்குள் கைக்கு வரக்கூடியவையாக அவை இருக்க வேண்டும். ஏனென்றால் வெளியே பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். இட்லி, வெண்பொங்கல், கலந்த சாதங்கள், சுண்டல், நீர்மோர், காபி ஆகியவை அடித்தளம். அதற்கு மேல் இந்த மண்ணுக்கே உரியவற்றைச் சேருங்கள்: இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கும்பகோணம் கடப்பா, திருவையாற்று அசோகா அல்வா, வெயில் காலத்தில் பானகம். தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பரிய அரிசிகளில் வாரம் ஒரு நாள் கஞ்சியோ பொங்கலோ கொடுக்கலாம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களுக்குப் பிறகு இந்த அரிசிகளைப் பயிரிடும் உழவர்களைத் தேடிப்பிடிப்பது கடினமாக இல்லை. அரிசியின் பெயரையும் அது விளைந்த ஊரையும் கரும்பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்; அருங்காட்சியகத்துக்கு வருகிறவர் படிக்க விரும்புகிறவர்.

ஒவ்வொரு பண்டமும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அறிந்தே பட்டியலில் சேர்க்க வேண்டும். கடப்பாவில் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் அரைத்த தேங்காயும் சேர்வதால், சித்திரை வெயிலில் அது விரைவில் கெடும். காலையில் ஒரே அண்டாவில் வைத்துவிடாமல் இரண்டு மணி நேரத்துக்குத் தேவையான அளவில் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். தயிர்ச்சாதத்தைக் காய்ச்சி ஆறிய பால் ஊற்றிப் பிசைந்து, உறைக்குச் சிறிது தயிர் மட்டும் சேர்த்தால் மதியம் வரை புளிக்காது. சூடாகப் பரிமாறுவது 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிரில் வைப்பது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. கடையில் ஒரு வெப்பமானி தொங்க வேண்டும், அதைச் சமையல் மாஸ்டருக்குப் படிக்கத் தெரிய வேண்டும். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதற்கும் வரம்பு உண்டு: எண்ணெய் கெடக் கெட அதில் பெருகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது.

காபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பாலில் கலந்து கொடுப்பது, தேடி வந்தவரை ஏமாற்றுவதாகும். தண்ணீர் கலக்காத பாலும், அவ்வப்போது இறக்கிய டிகாக்ஷனும் இல்லாவிட்டால் அந்தப் பெயரையே போட வேண்டாம். பித்தளை டவரா, டம்ளரில் கொடுப்பது அழகுதான். ஆனால் உச்ச நேரத்தில் மணிக்கு 100 செட் கழுவ வேண்டும் என்றால் கழுவுவதற்கு, அலசுவதற்கு, வெந்நீரில் முக்கி எடுப்பதற்கு என்று மூன்று தொட்டிகளும் ஓர் ஆளும் தேவை. அதற்கு இடமில்லையென்றால் எவர்சில்வரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதால், பார்சலுக்கு மந்தார இலை, தொன்னை, பாக்குமட்டைத் தட்டு என்று முன்கூட்டியே கொள்முதலுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

விரதக்காரர் வரும் இடங்களில் சைவ உணவகம் மட்டும் வைப்பதே முறை. தரங்கம்பாடி போன்ற கடற்கரை ஊர்களில் மீன் உணவு கேட்பார்கள்; கொடுக்கலாம், ஆனால் அடுப்பும் பாத்திரமும் கரண்டியும் தனித்தனியாக இருப்பது வெளியிலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும்.

குடிநீரை இலவசமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில் விற்பனையை வருமானத்தின் தூணாக வைக்கும் திட்டம் எனக்கு ஏற்புடையது அன்று.

சமையலறையும் அரும்பொருளும்

இங்கேதான் நம் வேலை சாதாரண ஓட்டல் வேலையிலிருந்து வேறுபடுகிறது. எண்ணெய்ப் புகை செப்புத் திருமேனியின் மேல் படியும். சர்க்கரைச் சிதறலுக்கு எறும்பும் கரப்பானும் வரும். கரப்பானுக்கும் பூச்சிக்கும் ஓலைச்சுவடியும் தாளும் தீனி. ஆகவே சுவடியும் துணி ஓவியமும் இருக்கும் கட்டடத்தில் பொரிக்கும் வேலையே வேண்டாம். முழுச் சமையலையும் வெளியில் செய்து கொண்டுவந்து அங்கே சூடு காத்துப் பரிமாறினால் போதும். எரிவாயு உருளைகள் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமுள்ள கூண்டில் இருக்க வேண்டும். குப்பை அன்றன்றைக்கே, கூடம் பூட்டும் முன், வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும். சேகரிப்புக் காப்பாளர் ஆட்சேபிக்கும் இடத்தில் அடுப்பு வைக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

காட்டுயிர் இடங்களில் இதே கவனம் வேறு வடிவில் தேவைப்படும். கோடியக்கரையில் குரங்குகள் உணவுப் பொட்டலத்தைப் பறிக்கும். சிதறிய உணவு விலங்குகளின் பழக்கத்தையே மாற்றிவிடும். அங்கே சரணாலய வாயிலுக்கு வெளியே கடை இருப்பதும், மூடியுள்ள குப்பைத்தொட்டி வைப்பதும் கட்டாயம். ஸ்ரீரங்கத்தை அடுத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போன்ற இடத்தில் செடிகளுக்கருகே கடையில் பூச்சிமருந்து அடித்தால் பூங்காவின் நோக்கமே கெடும். வலைக்கதவும் அன்றாடச் சுத்தமுமே அங்கு வழி.

விற்பனைக்கூடம்

எங்கும் கிடைக்கும் சாவிக்கொத்தையும் பிளாஸ்டிக் பொம்மையையும் அடுக்குவதற்கு ஓர் அருங்காட்சியகத்துக்குள் இடம் ஒதுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பொருளும் உள்ளே பார்த்த ஏதோ ஒன்றோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். தஞ்சைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமேனி. சாய்ந்து நிற்க வேண்டிய ரிஷபம் இன்று இல்லை. ஆனால் அதன் மேல் ஊன்றியிருக்க வேண்டிய கை அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. இந்தப் படத்தை ஓர் அஞ்சலட்டையில் அச்சிட்டு, பின்புறம் நான்கு வரியில் இந்தச் செய்தியையும் சேர்த்தால், இருபது ரூபாய்க்கு ஒரு மாணவன் அந்தச் சிற்பத்தையே வீட்டுக்குக் கொண்டுபோகிறான். படத்தை அச்சிட நிர்வாகத்தின் எழுத்து வடிவ அனுமதி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

விலைகள் படிப்படியாக ஏற வேண்டும். பள்ளிக் குழந்தையின் சட்டைப்பையில் இருப்பது ஐம்பது ரூபாய். அதற்குள் வாங்க ஐந்தாறு பொருள்களாவது கண் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு இருநூறு முதல் ஐந்நூறு வரை. அதற்கு மேல் தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, சுவாமிமலைச் செப்புத் திருமேனி. புவிசார் குறியீடு பெற்ற கைவினைகள் இவ்வளவு நெருக்கமாக ஒரே பகுதியில் அமைந்திருப்பது நமக்குப் பெரும் பேறு. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிறுவனம் வழியாகவும் வாங்கலாம். கைவினைஞரிடம் நேராகவும் வாங்கலாம். நேராக வாங்கும்போது, விற்ற பிறகு பணம் தருகிறோம் என்று சரக்கை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சிறு பட்டறைக்காரரின் முதல் நம் அலமாரியில் முடங்கிக் கிடக்கக் கூடாது; குறைந்தது பாதித் தொகையையாவது கையில் கொடுத்து எடுங்கள்.

பொருள் உடையாமல் வீடு சேர்வதும் கடையின் பொறுப்பே. நடனமாடும் தஞ்சாவூர் பொம்மை காகிதக்கூழால் ஆன பல துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று நின்று ஆடுவது. முழுதாக நிறுத்திப் பையில் போட்டுக் கொடுத்தால் பேருந்துக் குலுக்கலில் தலையும் உடலும் இடித்துக்கொண்டு வண்ணம் உதிரும். தலை, உடல், பாவாடை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து, எதை எதன்மேல் பொருத்துவது என்று ஒரு படச்சீட்டும் வைத்துக் கொடுக்க விற்பனையாளருக்குப் பழக்க வேண்டும். நெட்டி என்னும் நீர்ச்செடியின் மென்மையான தண்டில் செய்த பெரிய கோயில் மாதிரியைக் கண்ணாடிப் பெட்டியோடு மட்டும் விற்கச் சொல்லுங்கள். ஈரக்கை பட்டாலே அதன் வெண்மை போய்விடும்.

செப்புத் திருமேனி வாங்கும் வெளிநாட்டவருக்கு விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றை நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. புதிதாக வார்த்தது என்பதைக் காட்ட, செய்தவர் பெயர், ஊர், செய்த ஆண்டு, எடை, புகைப்படம் ஆகியவற்றோடு கூடிய பில்லைக் கடையே கொடுக்க வேண்டும். ஐயம் எழக்கூடிய பொருள் என்றால், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெறும் வழியையும் சொல்லித்தர வேண்டும்.

நடத்துபவரைத் தேர்ந்தெடுத்தல்

மாநில அரசு நிறுவனங்கள் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படியே நடக்க வேண்டும். அதற்குள்ளேயே நல்ல வழி இருக்கிறது. அதிக வாடகை கேட்டவருக்கே கடை என்று விட்டால், அந்த வாடகையை ஈடுகட்ட அவர் இட்லியைச் சிறிதாக்குவார் அல்லது விலையை ஏற்றுவார். இரு உறை முறையில் முதல் உறையைத் தொழில்நுட்ப உறையாக்கி, அனுபவம், சமைத்துக் காட்டிய உணவு, ஆள் ஏற்பாடு ஆகியவற்றில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச மாதத் தொகையோடு விற்பனையில் ஒரு பங்கு என்ற ஏற்பாடு இருவருக்கும் நியாயமானது. ஆனால் கல்லாவில் கணினி பில்லும் யு.பி.ஐ. கணக்கும் இல்லாமல் பங்கு கேட்க முடியாது. சிறிய இடங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மிக நன்றாக நடத்துவார்கள். அவர்களுக்கு முன்பணமாக மூன்று மாத வாடகை கேட்கும் நிபந்தனையைத் தளர்த்த நிர்வாகத்திடம் வாதாடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவோ உரிமமோ யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் குறிப்பிடுங்கள்.

உங்கள் ஊதியத்தை வாடிக்கையாளரிடம் மட்டுமே பெறுங்கள். பாத்திரக்கடையிலிருந்தோ ஒப்பந்தக்காரரிடமிருந்தோ கமிஷன் வாங்கும் ஆலோசகரின் சொல்லுக்கு மதிப்பில்லை. அறிக்கையைத் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். அடுப்படியில் நிற்பவரும் கல்லாவில் இருப்பவரும் அதைப் படிக்க வேண்டும்.

கடை திறந்தபின் முதல் மாதம் வாரம் ஒரு முறை போய், எது மிஞ்சுகிறது, எது பத்தாமல் போகிறது, எந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று குறியுங்கள். பட்டியலிலிருந்து இரண்டு பண்டங்களையாவது அந்த மாதமே நீக்க நேரும். அதை ஒப்பந்தக்காரரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிறகு ஐப்பசி மழை பிடித்தவுடன் கட்டாயம் ஒரு நாள் போங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, வரிசையில் நிற்பவர் எங்கே நனைகிறார், அஞ்சலட்டையும் நெட்டி வேலையும் எந்த அலமாரியில் ஈரம் பிடிக்கின்றன என்பவற்றை அன்று பார்த்து, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.